நல்ல ‘ஏரியா’வா, வெறும் ஏரியா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதமும், நகலெடுத்த பத்திரங்கள் ஒரு கட்டும் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். வயது 59, வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஒரே மகளுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. மகள் குடும்பம் மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறது, பேத்திக்கு மூன்று வயது. திருச்சி வீட்டை விற்று, ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் சேர்த்து, 85 லட்சத்துக்குள் சென்னையில் ஒரு வீடு வாங்க வேண்டும், கடன் வாங்கக் கூடாது என்று இருக்கிறார். நான்கு வீடுகள் பார்த்தாயிற்று.

மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய ஓட்டு வீடு, 48 லட்சம். மனைவிக்கு மனம் முழுக்க அங்கேதான். அடுத்தது மேற்கு மாம்பலத்தில் 1988இல் கட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடி, 800 சதுர அடி, லிஃப்ட் இல்லை, 78 லட்சம். பள்ளிக்கரணையில் கட்டிக்கொண்டிருக்கும் புது அடுக்ககத்தில் 1,040 சதுர அடி, 74 லட்சம். இதற்கு ஒரு லட்சம் ‘புக்கிங்’ கட்டிவிட்டார். கடைசியாக, மைத்துனர் காட்டிய பெரம்பூர் பெரியார் நகர் ஃபிளாட்: 2012இல் கட்டியது, முதல் மாடி, லிஃப்ட் உண்டு, 70 லட்சம். இதைப் பற்றி ஒரே வரி: “வட சென்னை, நமக்கு ஒத்து வராது.” முடிவில் கேட்கிறார்: “மேடம், இதில் எது நல்ல ஏரியா?”

அன்புள்ள ஐயா, சென்னையில் யாராவது ‘நல்ல ஏரியா’ என்றால் எனக்கு உடனே எழும் கேள்வி, அது ஏரியா என்பதுதான். சிரிக்காதீர்கள். தி.நகரே ஏரிதான். நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் அதன் நீரை வடித்து மனை பிரித்ததுதான் தியாகராய நகர். பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் உஸ்மான் சாலையும் அந்தக் காலத்துப் பெரியவர்களின் பெயர்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, லேக்தான் இல்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. ஏரியில் பிறந்த பேட்டை எல்லாம் கெட்ட பேட்டை என்றால் பாதிச் சென்னையில் யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் ஒரு பேட்டை எப்படிப் பிறந்தது, யார் மனை பிரித்தார்கள், எந்தக் காலத்தில் கட்டடம் எழும்பியது என்று தெரிந்தால், பத்திரத்தில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிடலாம். உங்கள் நான்கு வீடுகளையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

மயிலாப்பூர் வீடு: அடிமனை யாருடையது?

இதை முதலில் முடித்துவிடுவோம். விளம்பரத் துண்டில் ‘கட்டடம் மட்டும்’ என்று இருக்கிறது. அதை நீங்கள், ‘பழைய வீடு, சாமான் எதுவும் சேராது’ என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதன் பொருள் வேறு: சுவரும் ஓடும் விற்பவருடையவை, அடிமனை கோயிலுடையது. மாட வீதிகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மனையில் வாடகை கட்டிக் குடியிருப்பவர்கள் பலர். இந்து சமய அறநிலையச் சட்டத்தின் (1959) 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி சார்பதிவாளர் அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதியவும் மறுப்பார். கட்டடத்தை வாங்கினால் நீங்கள் கோயிலுக்கு வாடகைதாரர் ஆவீர்கள், அதுவும் கோயில் நிர்வாகம் உங்கள் பெயரை ஏற்றுக்கொண்டால்தான். குடியிருப்பவர் அடிமனையை விலைக்குக் கேட்கலாம் என்று 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே என்று தரகர் சொல்வார். கோயில் நிலங்களுக்கு அந்த உரிமை 1990களின் திருத்தத்தோடு போய்விட்டது.

அம்மாவுக்கு, அதாவது உங்கள் மனைவிக்கு, கபாலி கோயில் பக்கத்தில் இருக்க ஆசை என்றால் அங்கே வாடகைக்கு இருக்கலாம். 48 லட்சத்தை அடிமனை இல்லாத சுவரில் போட வேண்டாம்.

மேற்கு மாம்பலம்: எட்டுப் பங்கா, ஆறு பங்கா?

உங்கள் கடிதத்தில் அதிகம் இடம் பிடித்திருப்பது இந்த வீடுதான். “பழைய, கௌரவமான பேட்டை, பத்திரத்தில் குழப்பம் இருக்காது” என்கிறீர்கள். பேட்டையின் கௌரவம் பத்திரத்துக்கு ஒட்டாது, ஐயா.

ரயில் பாதைக்குக் கிழக்கே திட்டம் போட்டு, அகலச் சாலையும் பூங்காவுமாக தி.நகர் எழும்பியது. மேற்கே அப்படி ஒரு வரைபடம் இருந்ததாகத் தெரியும்படி எதுவும் இல்லை. மாம்பலம் கிராமம் தன் போக்கில் பெருத்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும், கோட்டைக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போகும் குமாஸ்தாக்களுக்கு வசதியான இடமாகிவிட்டது. சின்ன மனை, குறுகிய தெரு, பக்கத்தில் ஸ்டேஷன். 1980களில் அந்தத் தனி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்டத் தொடங்கினார்கள். ஒன்று, ஒன்றரை கிரவுண்டில் தரைத்தளமும் இரண்டு மாடியும் என்பதுதான் அனுமதி வாங்கிய வரைபடம். அதற்கு மேல் ஒரு மாடி எழுந்திருந்தால், அது எப்போது, யார் அனுமதியில் என்று கேட்டே ஆகவேண்டும். உங்கள் வீடு மூன்றாம் மாடி என்று படித்ததுமே, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைத்தான் முதலில் பிரித்தேன்.

நீங்களே இணையத்தில் எடுத்து அனுப்பிய சான்றுதான் அது. அதில் எல்லாம் இருக்கிறது. மனை ஒன்றரை கிரவுண்ட், அதாவது 3,600 சதுர அடி. 1988, 89இல் ஆறு பேருக்குப் பத்திரம் ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் பிரிபடாத பாகம், அதாவது எல்லாருக்கும் பொதுவான மனையில் அவரவர் பங்கு, ஆறில் ஒன்று, 600 சதுர அடி. ஆறு அறுநூறு 3,600. மண் அங்கேயே தீர்ந்துவிட்டது! 1991இல் மூன்றாம் மாடியின் இரண்டு வீடுகளுக்குப் பத்திரம் போடும்போது, அதே கட்டுநர் எட்டில் ஒரு பங்கு, தலா 450 சதுர அடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த 900 சதுர அடி எங்கிருந்து வந்தது? தன்னிடம் இல்லாத மண்ணை ஒருவர் எழுதிக் கொடுத்தால் வாங்கியவருக்கு அது வந்துசேராது.

“பக்கத்து ஃபிளாட்டுக்கு வங்கி கடன் கொடுத்திருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, இ.பி. கார்டு இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். வரி ரசீதும் மின் இணைப்பும் குடியிருப்பதற்கு அத்தாட்சி, மண்ணின் உரிமைக்கு அல்ல. வங்கியின் வழக்கறிஞர் கருத்துச் சொல்வது வங்கிக்கு. அது தப்பானால் உங்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. நானும் வங்கிகளுக்கு அப்படிக் கருத்து எழுதியவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இன்றைக்கு இதில் என்ன நஷ்டம், முப்பது வருடமாக அங்கே மனிதர்கள் நிம்மதியாகத்தானே இருக்கிறார்கள் என்று தோன்றும். குடியிருக்கும்வரை நஷ்டம் இல்லை. கட்டடத்துக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, கம்பி துருப்பிடித்துத் தளத்தில் காரை உதிர்வதை உங்கள் படத்திலேயே பார்க்க முடிகிறது. எப்படியும் இடித்துக் கட்டும் பேச்சு வரும். 2022இல் நிறைவேறி 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அன்றைக்குப் புதுக் கட்டுநர் ஒவ்வொருவருக்கும் எத்தனை சதுர அடி தருவது என்று எடுத்துக் கணக்குப் பார்ப்பது பிரிபடாத பாகத்தைத்தான். கீழே இருக்கும் ஆறு பேரும் “மண் எங்களுடையது” என்று வில்லங்கச் சான்றை நீட்டினால், மூன்றாம் மாடிக்காரர் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும். பழைய ஃபிளாட்டில் கட்டடத்துக்கு மதிப்பு அநேகமாக ஒன்றுமில்லை, நீங்கள் கொடுக்கும் 78 லட்சம் மண்ணுக்குத்தான். அந்த மண்ணே சந்தேகத்தில் இருக்கிறது.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. ஆறு பேரும் தலா 150 சதுர அடியை விட்டுக்கொடுத்துப் பதிவுப் பத்திரம் எழுதித் தந்தால் எல்லாருக்கும் 450 ஆகி, கணக்கு நேராகிவிடும். அதில் இரண்டு பேர் அமெரிக்காவில், ஒருவர் காலமாகி வாரிசுகள் நாலு பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையை விற்பவர் செய்து முடிக்கட்டும், நீங்கள் தலையிட வேண்டாம். மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டிய விதிமீறல்களை அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த நகரமைப்புச் சட்டத்தில் 113-அ என்று ஒரு பிரிவு வந்தது. விற்பவர் அப்போதே விண்ணப்பித்து ஆணை வாங்கியிருந்தால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்ற பதில் போதாது.

தரகர் ஐந்து லட்சம் ரொக்கமாக முன்பணம் கேட்கிறார் என்கிறீர்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தத்துக்குப் பணமும், ரொக்கத்துக்கு ரசீதும் என்ற பேச்சே வேண்டாம். இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள்: 78 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து ஏழு லட்சத்துக்கு மேல். உங்கள் 85 லட்சம் பதிவு அலுவலகத்திலேயே தீர்ந்துவிடும். மூன்று மாடி ஏறப்போகும் முழங்காலைப் பற்றி நான் வழக்கறிஞராகச் சொல்ல எதுவும் இல்லை, அம்மாவிடம் கேளுங்கள்.

பள்ளிக்கரணை: காய்ந்த கட்டடம், நனைந்த தெரு

“சி.எம்.டி.ஏ. அனுமதியும் ரெரா எண்ணும் இருக்கிறது, அதனால் தண்ணீர்ப் பிரச்சினை இருக்காது” என்று நம்புகிறீர்கள். முதலாவது நகர வளர்ச்சிக் குழுமம் தரும் கட்டட அனுமதி, இரண்டாவது வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவு எண். இந்த நம்பிக்கையில்தான் படித்தவர்களே அதிகம் மாட்டுகிறார்கள்.

பள்ளிக்கரணையைப் பழைய கணக்கில் கழுவெளி என்பார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று சுற்றியிருக்கும் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து நிற்கிற இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் பக்கம் கடலில் சேரும். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு இப்போது அதில் சிறு பகுதிதான். குப்பைக் கிடங்கு, சாலை, ரயில், கல்வி நிறுவனங்கள், கம்பெனிகள், குடியிருப்புகள் என்று எல்லாரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். அந்த எல்லையை ஒட்டிக் கட்டுமானம் கூடுமா என்று வழக்குகள் நடக்கின்றன. உங்கள் திட்டத்தின் சர்வே எண் அந்த எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கட்டுநரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி அனுமதி விஷயம். இப்படிப்பட்ட தாழ்வான இடத்தில் கட்டும்போது வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்குவார்கள். மனையை இத்தனை அடி மேடாக்கிக் கட்டு என்று அதில் நிபந்தனை போடுவது வழக்கம். கட்டுநரும் மண் கொட்டி மேடாக்கிக் கட்டுவார். அதனால் உங்கள் வரவேற்பறை நனையாது. ஆனால் தெருவை யாரும் தூக்கவில்லை! 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கத்து மக்கள் மாடியில் காய்ந்த வீட்டில்தான் இருந்தார்கள். மின்சாரம் இல்லை, கழிவறைக்குத் தண்ணீர் இல்லை, பால் இல்லை, படகு வர வேண்டியிருந்தது. 2015 வெள்ளம் வடிந்த வாரம், தரைத்தளத்தில் குடியிருந்த கட்சிக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து, ஊறிப்போன தாய்ப் பத்திரத்தை (சொத்தின் மூலப் பத்திரத்தை) துணி விரித்து இஸ்திரி போட்டுக் காயவைத்ததாகச் சொன்னார். முத்திரைத்தாளின் நிறம் மாறியிருந்தது, எழுத்து தப்பியிருந்தது.

அங்கே மூன்று வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு நாலு நாள் இருக்க முடியுமா என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. கிராமத்து நில விவரங்களை எழுதி வைத்திருக்கும் அ-பதிவேட்டிலும் பழைய கிராம வரைபடத்திலும் அந்தச் சர்வே எண் பட்டா நிலமா, கழுவெளியா, வாய்க்காலா என்று பார்த்துத் தருகிறேன். ஆனால் தாளைவிட, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரையும் பால் போடுபவரையும் கேட்பது உத்தமம். “2023இல் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது?” என்றால் கையால் மதில் சுவரில் காட்டுவார்கள். விற்பனைப் பிரிவுப் பையன் காட்ட மாட்டான்.

புதுவீட்டின் 1,040 சதுர அடியில் உங்கள் பிரிபடாத பாகம் 310தான் என்பதையும் கவனியுங்கள். பெரம்பூர் ஃபிளாட்டில் 900 சதுர அடிக்கு 460.

ஒரு லட்சத்துக்கு வருவோம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது. அதனால் அவர்கள் கேட்கும் அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம். கட்டிய பணம் வங்கி வழி போயிருப்பது நல்லதாயிற்று. வேண்டாம் என்று முடிவெடுத்தால் மின்னஞ்சலில் காரணம் எழுதித் திருப்பிக் கேளுங்கள், நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். சிறிது பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்றால் சண்டை போட வேண்டிய தொகையா என்று பார்ப்போம். முழுதும் மறுத்தால் ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம்.

பெரம்பூர்: நீங்கள் சரியாகப் பார்க்காத வீடு

‘நம்ம மாதிரி ஆட்கள்’ என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மாம்பலம் கட்டடத்தில் எட்டில் நாலு வீடு வாடகைக்கு, அதில் இரண்டில் ஐ.டி. பையன்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேடும் அந்த மாம்பலம் உங்கள் சித்தப்பா காலத்தது.

பெரம்பூரை ஊராக்கியது ரயில்வே. 1850களில் வந்த பணிமனை, 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை, பக்கத்தில் பக்கிங்காம்–கர்னாட்டிக் ஆலை. மாதச் சம்பளக்காரர்களும் தொழிற்சங்கக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் சேர்ந்து வாழ்ந்த இடம். பெரியார் நகர் வீட்டு வசதி வாரியம் பிரித்த மனை. சாலை அகலமாக இருப்பதும், மனை எல்லை குழப்பம் இல்லாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் வாரிய மனைக்கென்று ஒரு நோய் உண்டு. ஒதுக்கீட்டு ஆணை வாங்கியவர் தவணை முடிந்தும் வாரியத்திடம் விற்பனைப் பத்திரம் வாங்காமலே காலமாகிவிடுவார். வாரிசுகளோ ஒதுக்கீட்டு ஆணையை வைத்துக்கொண்டு கட்டுநரோடு ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். மைத்துனர் அனுப்பிய கட்டில் 2012 பத்திரம் மட்டும் இருக்கிறது. வாரியம் முதல் ஒதுக்கீட்டாளருக்கு எழுதிய பத்திரமும், அவர் வாரிசுகள் எல்லாரும், மகள்கள் உட்பட, கையெழுத்துப் போட்டதற்கு ஆதாரமும் வேண்டும். அவை வந்துவிட்டால் நான்கில் தாள் சுத்தமான வீடு இதுவாகத்தான் இருக்கும். கொளத்தூர் பக்கமும் ‘ஓட்டேரி நல்லா’ என்கிற கால்வாய்ப் பக்கமும் மழைக்குத் தண்ணீர் நிற்பது உண்டு, அதனால் இஸ்திரி வண்டிக்காரர் விசாரணை இங்கேயும் தேவை.

இதன் குறை தூரம். பேத்திக்காகத்தான் வருகிறீர்கள், மேடவாக்கம் நகரின் மறுமுனை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து பெரம்பூர், புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு, சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி போகும் தடம் வருகிறது. அம்மாவின் கபாலியும் மகளின் ஆபீஸும் ஒரே தடத்தில். அது முழுதும் ஓடும்வரை தினமும் போய்வருவது நடக்காத காரியம்.

அவசரம் எதற்கு?

“திருச்சி வீடு விற்று ஆறு மாதத்துக்குள் வாங்காவிட்டால் வரி” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் என்பது குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் போடுவதற்கான கெடு. வீடு விற்ற ஆதாயத்தில் இன்னொரு வீடு வாங்க இரண்டு ஆண்டு இருக்கிறது, கட்டுவதற்கு மூன்று. அதற்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள் வந்தால், செலவழிக்காத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இதைச் சொன்னால் போதும்.

அதனால் நான் சொல்வது இது. மே மாதம் ஓய்வு பெற்று வந்ததும் மகள் வீட்டுப் பக்கம், முதல் மாடியில், வாடகைக்கு ஒரு வீடு பிடியுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே கழியட்டும். பேத்தியின் பள்ளி எங்கே, மகளின் வேலை சென்னையிலேயே நிலைக்குமா, எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் தை பிறப்பதற்குள் தெரிந்துவிடும். இடையில் மாம்பலத்துக்காரர் ஆறு கையெழுத்தையும் வாங்கிவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், விலை பேசலாம், 78க்கு அல்ல. பெரியார் நகர் வாரியப் பத்திரத்தின் நகலை மைத்துனரிடம் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். அவர் காட்டிய வீட்டை நீங்கள் உள்ளே போய்க்கூடப் பார்க்கவில்லை என்று அவருக்கு வருத்தம் என்பது, அவர் கட்டோடு சேர்த்து வைத்திருந்த துண்டுச்சீட்டில் எனக்குத் தெரிந்தது.